இன்ஜினின் மூச்சுக்குழாய்: ஸ்போர்ட்ஸ் காருக்கு கோல்டு ஏர் இன்டேக் தேர்ந்தெடுப்பது எப்படி?

2019 மாடலாக வந்த ஃபோர்டு மஸ்டாங் புல்லிட்டில் 480 குதிரைத்திறன். அதே ஆண்டின் சாதாரண மஸ்டாங் ஜிடியில் 460. இரண்டிலும் இருப்பது அதே 5.0 லிட்டர் வி8 இன்ஜின்தான். அந்தக் கூடுதல் 20 குதிரைகளைப் பிடித்துவர ஃபோர்டு என்னென்ன செய்தது? ஷெல்பி ஜிடி350 காரின் இன்டேக் மேனிஃபோல்டை எடுத்துப் பொருத்தியது. 87 மி.மீ. த்ராட்டில் பாடியை வைத்தது. ஏர் பாக்ஸைத் திறந்த வகையாக மாற்றியது. இத்தனைக்கும் ஏற்றபடி இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்குகளையும் திருத்தி எழுதியது.

இன்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொண்டுவருவதாகச் சொல்லி விற்கும் கோல்டு ஏர் இன்டேக்கில் ஒரு குழாய், ஒரு ஃபில்டர், நான்கு கிளாம்ப் மட்டுமே; அந்த 400 டாலர் அட்டைப்பெட்டியின் மேலும் அதே 20 அச்சிட்டிருக்கும். வாங்க வந்தவர் பணத்தை எடுப்பதற்கு முன் புல்லிட்டின் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

அதற்காக இன்டேக்குகள் எல்லாமே ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சில கார்களில், சில வடிவங்களில், அவை உண்மையாகவே பலன் தருகின்றன. எந்தக் காரில், எவ்வளவு, எந்த விலைக்கு என்பதைக் கண்டுபிடிக்கும் வழிதான் இந்த அத்தியாயம். உதாரணத்துக்கு மஸ்டாங் ஜிடியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அமெரிக்க உதிரிபாகச் சந்தையில் அதற்குக் கிடைக்கும் அளவுக்கு வேறு ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இன்டேக் வகைகள் கிடைப்பது அரிது. முறை என்னவோ எல்லாக் கார்களுக்கும் ஒன்றுதான்.

காற்றின் கணக்கு

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதையும் காற்றால் நிரப்பிக்கொள்கிறது. 5.0 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுழன்றால், முழுதாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 17,500 லிட்டர் காற்று உள்ளே போகிறது. பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்றால், அதிலுள்ள காற்று முழுவதையும் சுமார் ஒன்றரை நிமிடத்தில் குடித்து முடித்துவிடும்.

ஆனால் இன்ஜினுக்கு வேண்டியது லிட்டர் அல்ல, எடை. ஒரு கிராம் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று சூடானால் விரியும்; அதே லிட்டருக்குள் எடை குறையும். 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்று 50 டிகிரிக்கு ஏறினால் அதன் அடர்த்தி 6 சதவீதம் குறைகிறது. திறன் அதே அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை. குளிர்ந்து வந்த காற்றும் மேனிஃபோல்டிலும் சிலிண்டர் சுவரிலும் பட்டுச் சூடேறுவதால் வித்தியாசத்தில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துபோகிறது. இன்ஜின் திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தின் அளவீட்டைச் சரிசெய்யும் எஸ்ஏஇ ஜே1349 விதி, வெப்பநிலையின் வர்க்கமூலத்தைக் கணக்கில் எடுப்பது இந்த அனுபவத்தை ஒட்டித்தான். ஆக 20 டிகிரி வித்தியாசத்துக்கு 3 முதல் 6 சதவீதம் இழப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 460 குதிரைத்திறனில் அது 14 முதல் 28 வரை.

இதோடு முடியவில்லை. உள்ளே வரும் காற்று சூடாக இருந்தால் நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வரும் என்று அஞ்சி, கம்ப்யூட்டர் ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். அங்கேயும் கொஞ்சம் திறன் போகும். குளிர்ந்த காற்றுக்கு மதிப்பு உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. கம்பெனி பொருத்திக் கொடுத்த ஏர் பாக்ஸ் அதை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலானவற்றில் அது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மஸ்டாங்கின் ஏர் பாக்ஸ் மூடிய பெட்டி. காற்றை எடுப்பது ரேடியேட்டருக்கு மேலே, கிரில்லின் பின்னாலிருந்து. இன்ஜின் அறையின் வெப்பக் காற்று அதற்குள் எளிதில் நுழையாது. பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் அதுவும் ஒரு கோல்டு ஏர் இன்டேக்தான்.

சந்தேகம் இருப்பவர் ஒரு சாதாரண ஓபிடி-2 ரீடரை வாங்கினால் போதும். 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் அதைச் செருகும் இடம் உண்டு. அதில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைப் படிக்கலாம். நெடுஞ்சாலையில் சீராக ஓட்டும்போது அந்த எண் வெளி வெப்பநிலையைவிட ஐந்து டிகிரிக்குள்தான் கூடுதலாக இருக்கிறது என்றால், எந்தப் புது இன்டேக்காலும் அதற்குமேல் பெரிதாகக் குளிர்விக்க முடியாது. வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த காற்று எங்கிருந்தும் வராது அல்லவா? இருபது, இருபத்தைந்து டிகிரி கூடுதலாகக் காட்டினால் அந்தக் காருக்கு ஒரு குறை இருக்கிறது. மாற்று இன்டேக் அதைத் தீர்க்கலாம்.

சிக்னலில் பத்து நிமிடம் நின்றபின் எண் ஏறுவது இயல்பு. கார் நகர ஆரம்பித்த எத்தனை நிமிடத்தில் அது மறுபடி இறங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். புது இன்டேக் பொருத்திய பின் ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

அடுத்தது காற்றோட்டத்துக்கு இருக்கும் தடை. மேனிஃபோல்டு அழுத்த சென்சார் உள்ள கார்களில் இதையும் அதே ரீடரில் பார்க்கலாம். சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் தெரிவது வெளிக்காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். பந்தயத் தடத்திலோ டைனோவிலோ முழு த்ராட்டிலில் உச்சச் சுற்றுக்குப் போகும்போது டர்போ இல்லாத இன்ஜினில் அது 100 காட்டினால், ஏர் பாக்ஸ், குழாய், த்ராட்டில் பாடி எல்லாம் சேர்ந்தும் 1 சதவீதத்தைத்தான் விழுங்குகின்றன. 97 காட்டினால் நாலு சதவீதம் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது. அதில் பாதி அழுக்கேறிய ஃபில்டரிலேயே இருக்கலாம். 50 முதல் 80 டாலருக்குக் கிடைக்கும் புது பேனல் ஃபில்டரை அதே கம்பெனி பெட்டிக்குள் வைத்து மறுபடி அளந்து பார்த்துவிட்டு, அதன்பின் 400 டாலரைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்று வகை

கடைகளில் எல்லாவற்றையும் கோல்டு ஏர் இன்டேக் என்றே விற்றாலும், உள்ளே மூன்று வெவ்வேறு சாமான்கள் இருக்கின்றன.

முதலாவது ஷார்ட் ராம். குட்டையான குழாய், அதன் நுனியில் இன்ஜின் அறைக்குள்ளேயே திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டர். விலை குறைவு, பொருத்துவது எளிது, உறிஞ்சும் சத்தம் நன்றாகக் கேட்கும். ஆனால் அது குடிப்பது ரேடியேட்டரையும் எக்ஸாஸ்ட்டையும் தழுவி வந்த காற்று. இந்த வகைக்குப் பெயரிலுள்ள 'கோல்டு' பொருந்தாது.

இரண்டாவது, நீண்ட குழாய் வழியே ஃபில்டரை பம்பருக்குப் பின்னாலோ முன்சக்கரத்தின் மட்கார்டு இடைவெளியிலோ கொண்டுபோய் வைப்பது. வெப்பநிலையைப் பொறுத்தவரை இதுதான் சிறந்தது. ஆபத்தும் இதில்தான். தேங்கிய மழைநீரில் ஃபில்டர் மூழ்கினால் இன்ஜின் தண்ணீரைக் குடிக்கும். மஸ்டாங் ஜிடியின் 2018 மாடல் முதலான இன்ஜினில் அழுத்த விகிதம் 12:1. சிலிண்டருக்கு 630 மி.லி. கொள்ளளவு என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 57 மி.லி. ஒரு சின்ன டீ கிளாஸ்கூட நிரம்பாது. அதற்குமேல் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் மேலே வர இடமில்லை. தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். 400 டாலர் சாமானுக்காக இன்ஜினையே இறக்க வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது. குழாயின் நடுவில் வைக்கும் பைபாஸ் வால்வு, ஃபில்டர் மூழ்கும்போது மேலிருந்து காற்றை எடுத்துக்கொள்ள உதவும். டர்போ கார்களுக்கு அது ஆகாது. வெள்ளம் தேங்கும் ஊரில் தினசரி ஓடும் காருக்கு இந்த வகையே வேண்டாம்.

மூன்றாவது, மூடிய பெட்டி. கம்பெனி ஏர் பாக்ஸ் இருந்த அதே இடத்தில், அதே துளையிலிருந்து காற்றை எடுத்து, பெரிய கூம்பு ஃபில்டரைச் சுற்றிச் சுவர் எழுப்பி, பானட் மூடும்போது ரப்பர் பீடிங்கால் அடைத்துக்கொள்வது. தெருவில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு பெரும்பாலும் இதுதான் சரியான தேர்வு. வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த பீடிங். படத்தில் சுவர் மட்டும் தெரிந்து, மேலே மூடியும் இல்லை, பானட்டைத் தொடும் ரப்பரும் இல்லை என்றால் அது பெட்டி வேடம் போட்ட ஷார்ட் ராம்.

டர்போ கார்களில் கணக்கு சற்று மாறும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போன்ற காரில் டர்போ அழுத்தும் காற்று சூடேறி, இன்டர்கூலரில்தான் மறுபடி குளிர்கிறது. அதனால் நுழைவாயிலில் ஐந்தாறு டிகிரி குறைந்ததற்கு அங்கே மதிப்பு குறைவு. குழாயின் தடை குறைவதற்கே மதிப்பு அதிகம்.

குழாய் எதனால் செய்தது என்பதில் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். அலுமினியம் சூட்டைக் கடத்தும், பிளாஸ்டிக் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் முழு த்ராட்டிலில் 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் காற்று நொடிக்கு 37 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. முக்கால் மீட்டர் குழாயைக் கடக்க நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். சுவரின் சூட்டை வாங்கிக்கொள்ள அதற்கு நேரமே இல்லை. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போதுதான் அலுமினியம் பாதகமாகிறது. கார்பன் ஃபைபருக்கு இரட்டிப்பு விலை கொடுப்பவர் அழகுக்குக் கொடுக்கிறார். தெரிந்து கொடுத்தால் சரி.

கம்ப்யூட்டரின் கண்ணைக் கட்டாத குழாய்

இன்டேக் வாங்குபவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. மஸ்டாங் உட்பட பல கார்களில், ஃபில்டரைத் தாண்டியவுடன் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிறது. அதற்குள் சூடேற்றப்பட்ட மெல்லிய கம்பி. காற்று அதைக் கடக்கும்போது எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து, எவ்வளவு காற்று போகிறது என்று கம்ப்யூட்டர் கணிக்கிறது. அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கிறது. சென்சார் குழாயின் முழு அகலத்தையும் பார்ப்பதில்லை. தன்னைக் கடக்கும் சிறு ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, குழாயின் விட்டம் இவ்வளவு என்ற நம்பிக்கையில் மீதியைப் பெருக்கிக்கொள்கிறது.

82 மி.மீ. விட்டத்துக்கு எழுதிய கணக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் 90 மி.மீ. குழாயைப் பொருத்தினால் பரப்பு 20 சதவீதம் கூடும். அதே காற்று அகலமான வழியில் மெதுவாகப் போகும். கம்பி குறைவாகக் குளிரும். காற்று 17 சதவீதம் குறைவு என்று நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும். முழு த்ராட்டிலில் 12.5-க்கு 1 என்று இருக்க வேண்டிய கலவை 15-க்கு 1 ஆகிவிடும். சிலிண்டர் சூடேறும், நாக்கிங் வரும், நாளடைவில் பிஸ்டன் உருகவும் கூடும். லேசாகக் கலவை மெலிந்தால் திறன் கூடுவதுபோலத் தோன்றுவதுதான் இதிலுள்ள பொறி. சில இன்டேக்குகளின் 'லாபம்' இப்படி வந்ததுதான்.

சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் இந்தப் பிழையைக் கவனித்துச் சொல்ல, கம்ப்யூட்டர் திருத்தும். அந்தத் திருத்தத்தின் அளவை ஃபியூயல் ட்ரிம் என்ற பெயரில் அதே ரீடரில் பார்க்கலாம். பிளஸ் மைனஸ் 5 சதவீதத்துக்குள் இருந்தால் குழாய் சரியாகச் செய்யப்பட்டிருக்கிறது. 10-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். திருத்த முடியாத அளவுக்குப் போனால் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, பி0171, பி0174 என்ற எண்கள் வரும்; இன்ஜினின் இரு பக்கத்திலும் கலவை மெலிந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே பெட்டியில் முதலில் தேட வேண்டியது குதிரைத்திறன் எண்ணை அல்ல, 'டியூன் தேவையில்லை' அல்லது 'டியூன் கட்டாயம்' என்ற வரியை. ஒரே கம்பெனி ஒரே காருக்கு இரண்டு வகையும் விற்பதுண்டு. முதல் வகையில் சென்சார் இருக்கும் இடத்தில் விட்டம் கம்பெனிக் குழாயை ஒத்திருக்கும். இரண்டாவதில் விட்டம் பெரிது, பலனும் பெரிது. ஆனால் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதாமல் அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குக்கூட ஓட்டிப் போகக் கூடாது. டியூனுக்குத் தனிச் செலவு உண்டு. அதையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

ஃபில்டர்: தூசியின் கணக்கு

எண்ணெய் தடவிய பஞ்சுத்துணி, உலர்ந்த செயற்கை இழை என்று இரண்டு வகைதான் பெரும்பாலும் கிடைக்கும். 1969-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் கம்பெனியின் பெயர் எண்ணெய் ஃபில்டரோடு ஒட்டிப்போனது. இரண்டையும் துவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். எண்ணெய் வகையைத் துவைத்து, முழுக்கக் காயவிட்டு, அளவாக எண்ணெய் விட வேண்டும். கை தாராளமானால் அந்த எண்ணெய் காற்றோடு போய் சென்சார் கம்பியில் படியும். அதைச் சுத்தம் செய்யவே தனி ஸ்ப்ரே உண்டு. கார்புரேட்டர் கிளீனரை அதில் அடிக்கக் கூடாது. இந்த வேலைக்குப் பொறுமை இல்லாதவருக்கு உலர் வகை நல்லது.

வடிகட்டும் திறனை அளக்க ஐஎஸ்ஓ 5011 என்ற சோதனை முறை இருக்கிறது. அந்த எண்ணைக் கொடுக்காத கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று 99 சதவீதம், மற்றொன்று 97 சதவீதம் என்றால் வித்தியாசம் இரண்டுதானே என்று தோன்றும். உள்ளே போகும் தூசியைப் பார்த்தால், முதலாவது நூறில் ஒன்றை விடுகிறது, இரண்டாவது மூன்றை. மூன்று மடங்கு மணல் துகள் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கிறது. மண்சாலையிலும் வறண்ட பகுதியிலும் ஓடும் காருக்கு இந்த எண் குதிரைத்திறனைவிட முக்கியம்.

டைனோ தாளைப் படிப்பது

விளம்பரத்தில் வரும் டைனோ வரைபடத்தில் கவனிக்க வேண்டியவை சில. பானட் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? திறந்த பானட், முன்னால் பெரிய மின்விசிறி என்றால் ஷார்ட் ராம்கூடக் குளிர்ந்த காற்றைக் குடிக்கும். சாலையில் அது நடக்காது. இரண்டு ஓட்டங்களும் ஒரே நாளில், ஒரே காரில், ஒரே இன்ஜின் சூட்டில் எடுத்தவையா? ஒரே காரை மாற்றமின்றி மூன்று முறை ஓட்டினாலே முடிவுகள் ஒன்றிரண்டு சதவீதம் முன்பின்னாக வரும். 400 குதிரைத்திறனில் நாலைந்து கூடியதைப் பலன் என்று சொல்ல முடியாது.

உச்ச எண்ணை மட்டும் பார்ப்பதிலும் பயனில்லை. 7,000 சுற்றில் 15 கூடி, 3,000 முதல் 5,000 வரை டார்க் குறைந்திருந்தால், தினசரி ஓட்டத்தில் கார் மந்தமாகத்தான் தோன்றும். டியூனோடு சேர்த்து எடுத்த வரைபடம் என்றால், டியூன் மட்டும் செய்து எடுத்த இன்னொரு கோடும் வேண்டும். இல்லாவிட்டால் லாபம் குழாயால் வந்ததா, கணக்கால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

இத்தனைக்கும் பிறகு, சத்தத்துக்காகவே வாங்குபவர்களும் இருக்கிறார்கள். கம்பெனிக் குழாயில் சத்தத்தை விழுங்கும் ரெசனேட்டர் அறைகள் இருக்கும். மாற்று இன்டேக்கில் அவை இருக்காது. மிதித்தவுடன் எழும் அந்த உறுமல் நிஜமான பலன்தான். அது மட்டும் போதும் என்பவர் டியூன் தேவையில்லாத மூடிய பெட்டியை வாங்கிக்கொண்டு, குதிரைத்திறன் கணக்கைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம்.

சட்டமும் வாரன்டியும்

கலிஃபோர்னியாவில் இன்டேக்கும் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வரும். வாகனச் சட்டத்தின் 27156-ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பாதிக்கும் மாற்றுப் பாகத்துக்கு மாநிலக் காற்று வள வாரியத்தின் எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் வேண்டும். இன்டேக்கோடு வரும் ஸ்டிக்கரில் அந்த எண் இருக்கும். பானட்டுக்கு உள்ளே, கண்ணில் படும் இடத்தில் அதை ஒட்ட வேண்டும். வாகனப் புகையின் மாசைப் பரிசோதிக்கும் ஸ்மாக் சோதனையைச் செய்பவர் தேடுவது அதைத்தான். அனுமதி குறிப்பிட்ட மாடல், ஆண்டு, இன்ஜினுக்கு மட்டுமே. இன்டேக்குக்கு அனுமதி இருப்பதால் டியூனுக்கும் இருப்பதாக ஆகாது. 2021 ஜூலை முதல் ஸ்மாக் சோதனையில் கம்ப்யூட்டர் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள்.

வாரன்டி போய்விடும் என்று டீலர் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அது முழு உண்மை அல்ல. 1975-இன் மேக்னசன்-மாஸ் சட்டத்தின் கீழ், வேறு கம்பெனிப் பாகம் பொருத்தினார் என்பதற்காக மட்டும் வாரன்டியை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். பவர் விண்டோ பழுதுக்கு இன்டேக்கைக் காரணம் காட்ட முடியாது. உருகிய பிஸ்டனுக்குக் காட்ட முடியும்.

பொருத்திய பிறகு

கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒன்றிரண்டு மணி நேர வேலை. சென்சார் காற்றோட்டத்தின் திசையைக் காட்டும் அம்புக்குறிப்படி உட்கார வேண்டும். கிராங்க்கேஸ் ஹோஸ் இருந்த இடத்திலேயே திரும்பச் சேர வேண்டும். சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் இடையே ஒரு கிளாம்ப் தளர்ந்தாலும், அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து கலவையை மெலியவைக்கும். பானட்டை மெதுவாக இறக்கி, பெட்டியோ குழாயோ இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு முன்பு குறித்துவைத்த தாளை எடுத்து, அதே சாலையில், ஏறத்தாழ அதே வெயிலில், அதே எண்களை மறுபடி படிக்க வேண்டும்: ஓட்டத்தில் காற்றின் வெப்பநிலை, சிக்னலுக்குப் பின் இறங்க எடுக்கும் நேரம், ஃபியூயல் ட்ரிம். நூறு மைல் ஓடியபின் கிளாம்ப்களை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்; புது சிலிகான் ஹோஸ் சூட்டில் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும்.

கழற்றிய கம்பெனி ஏர் பாக்ஸை, அதன் திருகுகளோடும் ரப்பர் புஷ்களோடும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே காரின் மாடலையும் ஆண்டையும் எழுதி, காரேஜில் காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். எண்கள் ஏமாற்றினாலும், வாரன்டிக்காக டீலரிடம் போனாலும், காரை விற்கும்போது வாங்குபவர் அசல் பாகத்தைக் கேட்டாலும் அந்தப் பெட்டி தேவைப்படும்.